ஜப்பானில் நின்றுவிட்ட கடிதம்: கொழும்பில் பழைய கார் ஓட்டுபவர்களுக்குக் கோளாறுகள் பற்றிய முழு வழிகாட்டி

ஒரு மாடலில் பாதுகாப்புக் குறை இருப்பது தெரியவந்தால், ஜப்பானில் அதைத் தயாரித்த நிறுவனம் அந்நாட்டுப் போக்குவரத்து அமைச்சுக்கு அறிவித்துவிட்டு, உரிமையாளரின் வீட்டுக்குக் கடிதம் போடும். காரைக் கொண்டு வாருங்கள், காசு வாங்காமல் திருத்தித் தருகிறோம் என்று அதில் இருக்கும். இதைத்தான் மீளழைப்பு என்கிறோம். கராஜில் கேட்டால் 'ரீகோல்' என்பார்கள். ஆனால் அந்தக் கார் அதற்குள் ஏலத்தில் போய், கப்பலேறி வந்து, இப்போது வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கையில் நிற்கிறது. கடிதம் ஒசாகாவில் பழைய உரிமையாளரின் முகவரிக்குப் போகும். நமக்கு யாரும் எழுதப் போவதில்லை.

அதனால் தேடிப் பார்க்கும் வேலை நம்முடையது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட ஐந்து வருடமும் இருந்ததையே ஒட்டிப் பூசி ஓட்டினோம். காலி வீதியில் இன்று ஓடும் ஹைபிரிட் கார்களில் பெரும்பாலானவை பத்து வயதை நெருங்கியவை, அல்லது தாண்டியவை. வருடா வருடம் நாம் எடுக்கும் புகைச் சான்றிதழ் புகையை மட்டும்தான் அளக்கிறது. பிரேக், ஸ்டியரிங், எயார்பேக் எதையும் அங்கே யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. "எமிஷன் பாஸ், வண்டி நல்லா இருக்கு" என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கும்.

முதல் படி: ஓடிக்கொண்டிருக்கும்போது கோளாறு வந்தால்

இதை வீட்டில் கார் ஓட்டும் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். தேவைப்படும் நேரத்தில் யோசிக்க அவகாசம் இருக்காது.

பிரேக் பெடல் அடிவரை போனால், விட்டு விட்டு வேகமாக மிதியுங்கள். கொஞ்சம் அழுத்தம் திரும்பக்கூடும். கியரைக் குறையுங்கள். ஓட்டோமேட்டிக்கில் எல் அல்லது எஸ், டொயோட்டா ஹைபிரிட்டில் பி. கைப்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுற்றிவிடும். பட்டன் வகைக் கைப்பிரேக் என்றால் பெரும்பாலான கார்களில் அதைப் பிடித்தபடியே இருக்க வேண்டும்.

அக்சிலேட்டர் சிக்கிக்கொண்டால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்கக் கூடாது. எஞ்சின் உச்ச வேகத்தில் இருக்கும்போது அப்படி மிதித்தால் பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும். ஒரே மிதியாக அழுத்தி, கியரை நியூட்ரலுக்குப் போடுங்கள். எஞ்சின் அலறட்டும், பரவாயில்லை. ஓரத்தில் நிறுத்திய பிறகு அணையுங்கள். சாவி போடும் வண்டி என்றால் ஓடும்போது சாவியை லொக் வரை திருப்பக் கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். பட்டன் ஸ்டார்ட் வண்டிகள் பலவற்றில் ஓடும்போது பட்டனை ஏறத்தாழ 3 விநாடி பிடித்தால்தான் அணையும். உங்கள் மாடலில் எப்படி என்று இன்றே பார்த்துக்கொள்ளுங்கள். டொயோட்டா 2009, 2010இல் லட்சக்கணக்கான கார்களை மீளழைத்ததற்கு இரண்டு காரணங்கள். பெடலில் சிக்கும் தரைவிரிப்பு ஒன்று, மிதித்த பெடல் தாமதமாகத் திரும்புவது மற்றொன்று. உங்கள் கால் விரிப்புக்கு மேல் இன்னொரு ரப்பர் விரிப்பு போட்டிருந்தால் அதை இப்போதே எடுத்துவிடுங்கள்.

புகை வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ளிப் போக வேண்டும். பொனட்டைத் திறக்காதீர்கள், காற்றுப் பட்டால் தீ எழும்பும். தீயணைப்புக்கு 110, பொலிஸுக்கு 119, அம்புலன்ஸுக்கு 1990.

இரண்டாம் படி: எழுதி வையுங்கள்

சின்ன வேலைதான், ஆனால் பின்னால் வரும் எல்லாம் இதில்தான் நிற்கிறது. ஒரு கொப்பி, அல்லது போனில் ஒரு குறிப்பு. திகதி, மைலேஜ், எவ்வளவு வேகம், எஞ்சின் சூடா குளிரா, ஏசி ஓடியதா, மழையா, எந்தக் கியர், டேஷ்போர்டில் எந்த விளக்கு எரிந்தது. விளக்கு எரிந்தால் வண்டியை நிறுத்திவிட்டு அணைக்கும் முன் படம் எடுங்கள். சத்தம் என்றால் பக்கத்தில் இருப்பவரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள்.

என் கார் காலையில் முதல் பத்து நிமிடம் மட்டும், பம்பலப்பிட்டி சந்தியில் நின்று எடுக்கும்போது ஒரு உதறல் உதறும். மூன்று கராஜ்களில் காட்டினேன். மூன்றிலும் ஓட்டிப் பார்த்துவிட்டு "ஒன்றும் இல்லையே" என்றார்கள். நான் கொண்டுபோன நேரமெல்லாம் மத்தியானம், எஞ்சின் சூடாக இருந்தது. குறிப்புகளை வரிசையாகப் பார்த்தபோதுதான் பதினொரு தடவையும் காலை ஏழரைக்கு முன் என்பது எனக்கே விளங்கியது. நான்காவது கராஜில் வண்டியை இரவு முழுக்க விட்டுவிட்டு வந்தேன். காலையில் பாஸ் தானே ஸ்டார்ட் பண்ணி, தானே உணர்ந்தார்.

மூன்றாம் படி: செசி இலக்கத்தைக் கொண்டு மீளழைப்பைத் தேடுங்கள்

செசி இலக்கம் என்பது ஒவ்வொரு காருக்கும் உரிய அடையாள இலக்கம். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த கார்களுக்கு, மற்ற நாட்டுக் கார்களில் இருப்பதுபோல 17 எழுத்து இலக்கம் கிடையாது. மாடல் குறியும் அதன்பின் ஒரு கோடும் ஏழு இலக்கமும் போல இருக்கும். ஹொண்டாவின் ஹைபிரிட் ஃபிட் ஒன்று 'ஜிபி5' என்று தொடங்கும், வெசல் ஒன்று 'ஆர்யு3' என்று. பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது. எஞ்சின் அறைத் தகட்டிலோ உடம்பில் அடித்திருப்பதிலோ அதே இலக்கம்தான் இருக்கிறதா என்று ஒப்பிட்டும் பாருங்கள். ஒரு எழுத்து மாறினாலும் அது வேறு பிரச்சினை, அதற்குப் பொலிஸுக்கும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கும் போக வேண்டும்.

பலர் செய்யும் தவறு, இந்த இலக்கத்தை அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தேடலில் போட்டுவிட்டு, ஒன்றும் வரவில்லை என்று நிம்மதியாகிவிடுவது. அங்கே 17 எழுத்து இலக்கம் மட்டும்தான் வேலை செய்யும். நீங்கள் போக வேண்டியது தயாரிப்பு நிறுவனத்தின் ஜப்பானிய இணையத்தளம். டொயோட்டா, ஹொண்டா, நிசான், சுசுகி எல்லாவற்றிலும் செசி இலக்கம் போட்டுத் தேடும் பக்கம் உண்டு. ஜப்பானிய மொழியில் இருக்கும், போனிலுள்ள மொழிபெயர்ப்பே போதும். எந்த மீளழைப்பு உங்கள் வண்டிக்குப் பொருந்தும், அந்த வேலை நடந்ததா இல்லையா என்ற இரண்டையும் பாருங்கள். திரையைப் படம் எடுத்துக் கோவையில் வையுங்கள்.

மீளழைப்பு அதிகம் என்பதால் அந்த மாடலே மோசம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். மூன்றாம் தலைமுறை ஃபிட் ஹைபிரிட் 2013 செப்டம்பரில் ஜப்பானில் வந்தது. 2014 ஒக்டோபருக்குள் ஐந்து தடவை மீளழைக்கப்பட்டது, ஹொண்டாவின் தலைவரே தன் சம்பளத்தில் 20 வீதத்தை மூன்று மாதம் விட்டுக்கொடுத்தார். புதிய இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டியின் கட்டுப்பாட்டு மென்பொருள்தான் அதில் பெரிய தலைவலி. அந்த வேலை முடித்த வண்டியும் முடிக்காத வண்டியும் வெளியே பார்க்க ஒன்றுதான். உங்களுடையது எது என்பதுதான் கேள்வி. அதேபோல் 2014 பெப்ரவரியில் டொயோட்டா உலகெங்கும் சுமார் 19 லட்சம் பிரியஸ் கார்களை மீளழைத்தது. ஹைபிரிட் மின்மாற்றிப் பகுதி அதிகம் சூடாகி, வண்டி ஓடும்போதே வலுவிழக்கலாம் என்பது காரணம்.

பிறநாட்டு உரிமையாளர்கள் பதிந்த முறைப்பாடுகளைப் படிப்பதும் உதவும். ஆனால் பெயரை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். நம்முடைய அக்வா அமெரிக்காவில் பிரியஸ் சி, விட்ஸ் யாரிஸ். அந்த அனுபவங்களில் நமக்குப் பொருந்துவது நிறைய உண்டு. வெசலை அங்கே எச்ஆர்-வி என்று விற்றார்கள், ஆனால் 2015இல் அங்கே வந்ததற்கு ஹைபிரிட்டும் இல்லை, அந்த இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டியும் இல்லை. அங்கே முறைப்பாடு இல்லை என்பது நம் கியர்பெட்டியைப் பற்றி எதையும் சொல்லாது. அப்புறம், முறைப்பாடு என்பது உரிமையாளர் சொன்னது மட்டுமே, யாரும் சோதித்து உறுதி செய்ததல்ல. ஒரே அறிகுறி, ஒரே மைலேஜ் அளவில், பலரிடம் திரும்பத் திரும்ப வந்தால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: எயார்பேக்

இதைத் தனியாக, நீளமாகச் சொல்கிறேன். கொழும்பில் இதைவிட அவசரமான ஒன்று எனக்குத் தெரியவில்லை.

டகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனம் பல கார்க் கம்பனிகளுக்கு எயார்பேக் செய்து கொடுத்தது. பையை ஊதும் உலோகக் குப்பிக்குள் அமோனியம் நைட்ரேற் வில்லைகள். ஈரப்பதத்தை உறிஞ்சும் பொருள் அந்தக் குப்பிகள் பலவற்றில் வைக்கப்படவில்லை. வருடக்கணக்காக ஈரமும், பகலில் சூடு இரவில் குளிர் என்ற மாற்றமும் பட்டுப் பட்டு வில்லைகள் சிதையும். சிதைந்த வில்லை வேண்டியதைவிட வேகமாக எரியும். குப்பி வெடித்து, அதன் உலோகத் துண்டுகள் பையைக் கிழித்துக்கொண்டு ஓட்டுபவரின் கழுத்துக்கும் முகத்துக்கும் வரும். பையை விரிக்கும் அளவான சாதாரண மோதலே இதற்குப் போதும். பிழைத்திருக்க வேண்டியவர்கள் எயார்பேக்காலேயே செத்திருக்கிறார்கள். முதல் மீளழைப்பு 2008இல் ஹொண்டாவிடமிருந்து வந்தது. பிறகு டொயோட்டா, நிசான், மஸ்தா, மிட்சுபிஷி, பிஎம்டபிள்யூ என்று விரிந்து, உலகெங்கும் ஏறத்தாழ 10 கோடி குப்பிகள். டகாட்டா 2017 ஜூனில் வங்குரோத்தானது.

அமெரிக்காவில் மாற்றும் வேலையைத் தொடங்கியபோது முன்னுரிமை கொடுத்தது புளோரிடா, ஹவாய், புவேர்ட்டோ ரிக்கோ போன்ற வெப்பமும் ஈரமும் கூடிய இடங்களுக்கு. நம் கொழும்பில் வருடம் முழுக்க அந்தக் காலநிலைதான். புறக்கோட்டையில் காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை வெயிலில் கண்ணாடி மூடி நிற்கும் காரின் டேஷ்போர்டைத் தொட்டுப் பாருங்கள். ஜப்பானில் 2018 மே முதல், ஆபத்துக் கூடிய டகாட்டா எயார்பேக் மாற்றாத கார்களுக்குப் பரிசோதனைச் சான்றிதழே கொடுப்பதில்லை, அதாவது அவற்றை வீதியில் ஓட்ட முடியாது. இங்கே அப்படி ஒரு தடை இல்லை.

செய்ய வேண்டியது இது. தேடலில் எயார்பேக் மீளழைப்பு முடிக்கப்படவில்லை என்று வந்தால், அந்த நிறுவனத்தின் இலங்கை முகவருக்கு எழுத்தில் கேளுங்கள்: என் செசி இலக்கத்துக்கு இந்த மீளழைப்பு இருக்கிறது, குப்பி உங்களிடம் உண்டா, மாற்றித் தருவீர்களா, எப்போது? நாங்கள் விற்ற வண்டியல்ல என்று பதில் வரலாம். அப்படி வந்தால் அந்தப் பதிலையும் எழுத்தில் வாங்கி, ஜப்பானியத் தலைமையகத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு செசி இலக்கத்தோடு மின்னஞ்சல் அனுப்புங்கள். அதுவரை, மீளழைப்பு முன் பயணி பக்கத்துக்கு என்றால் அந்த ஆசனத்தில் யாரையும் இருத்தாதீர்கள். ஓட்டுநர் பக்கம் என்றால், வேறு வண்டி இருக்குமானால் அதை ஓட்டுங்கள். நீங்களாகக் கழற்றிப் பார்க்க வேண்டாம், அது வெடிபொருள். பஞ்சிகாவத்தையில் பழைய எயார்பேக் வாங்கிப் போடவும் வேண்டாம். வாங்குவதும் அதே டகாட்டா குப்பியாக இருக்கலாம்.

பழைய கார் வாங்குபவர்கள் யார்டிலேயே ஒன்றைப் பாருங்கள். இக்னிஷன் போட்டதும் எயார்பேக் விளக்கு எரிந்து, சில விநாடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லை என்றால் அதைவிட மோசம். விரிந்த பையை மாற்றாமல் விளக்கை மட்டும் துண்டித்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். கூடவே சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக் கறை இருந்தால் அது கொலன்னாவையிலோ வெல்லம்பிட்டியிலோ வெள்ளத்தில் கிடந்த வண்டியாக இருக்கலாம். ஹைபிரிட் என்றால் பற்றரி பின் ஆசனத்துக்கு அருகில் இருப்பதால் தண்ணீர் அதையும் தொட்டிருக்கும்.

ஐந்தாம் படி: பிரேக்

ஒரு ஏப்ரல் விடுமுறையில் நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாக இறங்கிக்கொண்டிருந்தோம். பெரியப்பாதான் ஓட்டினார். கியரை டி-யிலேயே விட்டு, வழிநெடுகப் பிரேக்கில் கால். பாதி வழியில் பெடல் பஞ்சாகி, அடுத்த வளைவில் அடிவரை போய்விட்டது. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை மெல்ல இழுத்து, ஒரு தேநீர்க் கடை ஓரமாக நிறுத்தினார். அரை மணி நேரத்தில் பெடல் பழையபடி கெட்டியானது. "சரி, ஒன்றுமில்லை" என்று ஆறுதலாகச் சொன்னார். கொழும்பு வந்து பிரேக் ஒயில் மூடியைத் திறந்தால் உள்ளே கறுப்புத் தேநீர். எப்போது மாற்றினார் என்பது அவருக்கே நினைவில்லை.

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 என்ற வகை ஒயில் புதிதாக இருக்கும்போது கொதிக்கக் குறைந்தது 205 பாகை வேண்டும். நீர் கலந்தபின் அது 140 பாகை வரை இறங்கலாம். டொட் 4இல் 230, 155. இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது உள்ளிருக்கும் நீர் ஆவியாகிறது. ஆவி அமுங்கும், ஒயில் அமுங்காது. மிதிப்பெல்லாம் ஆவியை அமுக்குவதிலேயே போய்விடுகிறது. ஆறியதும் ஆவி மறுபடி நீராகும், பெடலும் திரும்பும், கோளாறு இருந்ததையே எல்லோரும் மறந்துவிடுவார்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஒயிலை முழுதாக மாற்றுங்கள். மேலே கொஞ்சம் ஊற்றி நிரப்புவது மாற்றுவதாகாது. கடுகண்ணாவையோ றம்பொடையோ இறங்கும்போது தொடக்கத்திலேயே கியரைக் குறையுங்கள்.

மூன்றாம் தலைமுறை பிரியஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. 2013இல் டொயோட்டா 2009இல் செய்த பிரியஸ் உள்ளிட்ட சுமார் 2,42,000 கார்களை மீளழைத்தது. பிரேக் அழுத்தத்தைச் சேமிக்கும் பகுதியில் வெடிப்பு விழுந்து நைட்ரஜன் வாயு பிரேக் ஒயிலுக்குள் கசியலாம் என்பதே காரணம். பெடல் வழக்கத்தைவிடக் கீழே போவதும், பிரேக் விளக்கு எரிவதும் அறிகுறி. மிதிக்காமலே பிரேக் பம்ப் அடிக்கடி ஓடும் சத்தம் கேட்டாலும் காட்டுங்கள்.

டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பூ நன்றாக இருந்தாலும் ஐந்து வருடத்துக்குப் பிறகு வருடா வருடம் காட்ட வேண்டும், பத்து வருடத்துக்கு மேல் ஓட்டவே கூடாது. மேலதிக டயருக்கும் இதேதான்.

ஆறாம் படி: ஹைபிரிட் பற்றரி

பின் ஆசனத்தருகே ஒரு சின்ன வலைக்கதவு இருக்கும். பற்றரியைக் குளிரவைக்கும் விசிறி அதன் வழியாகத்தான் காற்று இழுக்கிறது. பிள்ளைகளின் சட்டையும் சந்தைப் பையும் அதை மூடிவிடும், தூசி உள்ளே அடைக்கும். சேர்விஸ் பண்ணும்போதெல்லாம் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். செம்மஞ்சள் நிறக் கேபிளை மட்டும் நீங்கள் தொடவே கூடாது, அதில் நூற்றுக்கணக்கான வோல்ற். ஸ்கேன் செய்யும்போது 'பி0ஏ80' என்ற கோளாறுக் குறியீடு வந்தால் பற்றரி தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு செல்லை மட்டும் மாற்றி மலிவாக முடிக்கலாம் என்பவர்களிடம் எத்தனை மாத உத்தரவாதம் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஏழாம் படி: கராஜில் பேசுவது

எந்தப் பாகம் போயிருக்கிறது என்று நீங்கள் சொல்லாதீர்கள். "பாஸ், குளிர் எஞ்சினில், இரண்டாவது கியருக்கு மாறும்போது உதறுகிறது, இதோ வீடியோ" என்று அறிகுறியைச் சொல்லுங்கள். பாகத்தின் பெயரைச் சொன்னால் அந்தப் பாகத்தை மாற்றித் தருவார்கள், கோளாறு அப்படியே இருக்கும். ஸ்கேன் செய்தால் குறியீடுகளை அழிக்கும் முன் படம் எடுங்கள். குறியீட்டை அழிப்பது திருத்தம் அல்ல. கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். பிரேக் பாட், பேரிங் போன்றவற்றைப் பஞ்சிகாவத்தையில் வாங்கும்போது பில்லில் பாகத்தின் இலக்கத்தையும் எழுதச் சொல்லுங்கள். போலி என்று பின்னால் தெரிந்தால் அந்த ஒரு வரிதான் கைகொடுக்கும்.

எட்டாம் படி: முறைப்பாடு

விற்றவரோ கராஜோ பொறுப்பேற்கவில்லை என்றால் முதலில் அவர்களுக்கே பதிவுத் தபாலில் கடிதம் போடுங்கள். என்ன கோளாறு, எப்போது தொடங்கியது, என்ன வேண்டும், எந்தத் திகதிக்குள் என்று எழுதுங்கள். பதில் இல்லையென்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை, தொலைபேசி 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கிய நாளிலிருந்து அல்லது சேவை பெற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். "அடுத்த மாதம் பார்த்துத் தருகிறேன்" என்று யார்டில் இழுத்தடிக்கும்போது கரைவது இந்த மூன்று மாதம்தான். அது கடந்துவிட்டாலும் 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இருக்கிறது, அதற்கு ஒரு சட்டத்தரணியைப் பார்க்க வேண்டும். விற்பனைப் பத்திரத்தில் 'இருந்தபடியே ஏற்றுக்கொள்கிறேன்' என்ற வரி இருந்தால் வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கோளாறால் விபத்தே நடந்துவிட்டால், வண்டியைக் கராஜுக்கு இழுத்துப் போக அவசரப்பட வேண்டாம். மோட்டார் வாகனப் பரிசோதகர் பார்க்க வேண்டும் என்று பொலிஸில் சொல்லுங்கள். பிரேக் குழாய் உடைந்தது மோதலுக்கு முன்னா பின்னா என்பதைத் திருத்திய வண்டியில் யாராலும் சொல்ல முடியாது. காப்புறுதி நிறுவனத்துக்கும் அதே நாளில் அறிவியுங்கள்.

ஒரு நாள் இந்தக் காரை விற்பீர்கள். அப்போது கொப்பி, பில்கள், மீளழைப்புத் தேடலின் படம், முகவரின் பதில் எல்லாவற்றையும் ஒரே கோவையாக்கிப் பதிவுப் புத்தகத்தோடு வாங்குபவரின் கையில் கொடுங்கள். எயார்பேக் மாற்றப்படவில்லை என்றால் அதை வாயாலும் சொல்லுங்கள்.